எங்கே திறப்பது?

பழைய வேன், அதன் வயிற்றுக்கடியில் இரண்டு தொட்டிகள், ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண். பாலக்காட்டிலிருந்து மறையூர் வழியாக மூணாறுக்குப் போன பயணத்தில் சுமந்ததும் இறக்கியதும்.

கோபாலபுரம் செக்போஸ்டில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார் போலீஸ்காரர். 2025 ஜனவரி. கேரள மருத்துவமனைக் கழிவுகளைத் திருநெல்வேலிக் கிராமங்களில் யாரோ கொட்டிவிட்டுப் போன விவகாரம் இன்னும் ஆறவில்லை. முந்தைய மாதம்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, அனுப்பிய மாநிலமே அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்லியிருந்தது. குப்பை வந்த வழியே லாரி லாரியாகத் திரும்பியது. அந்தச் சமயத்தில் கேரளப் பதிவெண் பலகையோடு எல்லையைத் தாண்டும் எந்த வேனும் சந்தேகத்துக்குரிய வேன்தான்.

"உள்ள என்னம்மா லோடு?"

"லோடு ஒண்ணும் இல்ல சார். தங்கிக்கிற வண்டி."

அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கட்டில், காஸ் அடுப்பு, புத்தகக் கட்டு. மூலையில் குறுகலான ஒரு கதவு.

"கழிவு கிழிவு ஏதாச்சும் இருக்கா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இருக்கு சார். ஒரு பத்து லிட்டர் இருக்கும். என்னோடதுதான்."

புரிவதற்கு அவருக்குச் சில விநாடிகள் பிடித்தன. பிறகு சிரித்துவிட்டார். "போங்க மேடம். வழியில எங்கயும் தொறந்து விட்டுடாதீங்க."

எங்கேயும் திறக்கக் கூடாது. சரி. எங்கே திறப்பது? அவரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு வாளையாறிலிருந்து குமுளி வரை எந்தச் சோதனைச் சாவடியிலும் பதில் இருக்கும் என்று தோன்றவில்லை.

வண்டி என்னுடையதல்ல. பாலக்காட்டில் வசிக்கும் நண்பர் ஒருவருடையது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. 1999-ஆம் ஆண்டு டெம்போ டிராவலர் அது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றித் திரிந்த வண்டியை மலிவாக வாங்கி, கோவையில் ஒரு பட்டறையில் கொடுத்து, இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட்டு, கழிப்பறையும் வைத்துக்கொண்டார். மனைவி இறந்த பிறகு பத்து வருடம் தனியாகவே தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நான் ஒரு மலையாள நாவலின் தமிழாக்கத்தை முடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "மலையில் கொண்டுபோய் நிறுத்தி எழுது" என்று சாவியைக் கொடுத்தார். சாவியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வந்தது. அதில் ஊர் பெயர், தேதி, லிட்டர். வேறொன்றும் இல்லை. தொட்டிகளைக் காலி செய்த வரலாறு அது.

சாவியை நான் உடனே வாங்கிக்கொண்டதற்குக் காரணம் நாவல் மட்டுமல்ல. இந்த நாட்டில் தனியாகப் பயணம் செய்யும் பெண்ணின் கால அட்டவணையைப் பஸ் நேரம் தீர்மானிப்பதில்லை, சிறுநீர்ப்பை தீர்மானிக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவது எனக்கு இருபது வருடப் பழக்கம். செய்தி சேகரிக்கப் போன ஊர்களில் நான் முதலில் விசாரித்தது கலெக்டர் ஆபீஸ் எங்கே என்பதையல்ல. கதவு தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கழிப்பறையை முதுகிலேயே சுமந்துகொண்டு போவது என்பது என்னைப் பொறுத்தவரை ஆடம்பரம் அல்ல, விடுதலை. அந்த விடுதலைக்கு அடியில் அறுபது லிட்டர் தொட்டி ஒன்று தொங்குகிறது என்பதை மட்டும் முதலில் யோசிக்கவில்லை.

தமிழ் இலக்கணம் இந்த விஷயத்தில் மிகவும் நாசூக்கானது. நாலுபேர் நடுவில் சொல்லக் கூடாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதற்கு இடக்கரடக்கல் என்று பெயர். எம்.ஏ. வகுப்பில் இதற்கு எங்களுக்குச் சொல்லித் தந்த உதாரணம் "கால் கழுவி வந்தான்". கொல்லைக்குப் போவது, வெளிக்குப் போவது என்று நம்மிடம் இன்னும் பல. மலையாளத்திலும் வெளிக்கு இறங்குவதுதான். இரண்டு மொழிகளும் மனிதனை வெளியே அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கின்றன. அவன் திரும்பி வந்த பிறகு அங்கே கிடப்பதை யார் அள்ளினார்கள் என்பதற்கு இலக்கணத்தில் விதி இல்லை. சமூகத்தில் இருந்தது.

குவளையும் காகிதமும்

தொட்டி இரண்டு. ஒன்று கழிப்பறைக்கு. இன்னொன்று குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்கு. மேல்நாட்டில் முன்னதைக் கறுப்பு என்றும் பின்னதைச் சாம்பல் என்றும் நிறத்தால் அழைக்கிறார்கள். நண்பரின் நோட்டில் அவை 'பெரியவர்', 'சின்னவர்'. பெரியவர் அறுபது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. சின்னவர் எண்பது. இரண்டுக்கும் அடியில் மூன்று அங்குலக் குழாய், அதில் தகடு போல இழுத்துத் திறக்கும் வால்வு. பெரியவரிடமிருந்து காற்று போவதற்கென்று ஒரு மெல்லிய குழாய் சுவரோரமாக ஏறிக் கூரைக்கு மேல் எட்டிப் பார்க்கும். இந்தக் காற்றுக் குழாயைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வகை வண்டிகளைப் பற்றிய மேல்நாட்டுக் கையேடுகளில் பாதி காகிதத்தைப் பற்றியவை. எந்தக் காகிதம் சீக்கிரம் கரையும், எது அடைத்துக்கொள்ளும், எவ்வளவு தண்ணீர் விட்டால் மேடு தட்டாது. நம் பிரச்சினை நேர் எதிர். நமக்குக் காகிதம் கிடையாது. ஆனால் தண்ணீர் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு குவளையாவது உள்ளே போகிறது. அடைப்பு வராது, ஆனால் தொட்டி சீக்கிரம் நிறையும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஆள், சிக்கனமாக இருந்தால், நாளுக்குப் பத்து லிட்டர். ஆறாவது நாள் எங்கேயாவது இறக்கியாக வேண்டும். வெள்ளைக்காரர்கள் ஒருவருக்கு ஒரு வாரம், பத்து நாள் என்று எழுதியிருப்பதை நம்பிக் கிளம்பினால் பாதி மலையில் மாட்டிக்கொள்வோம்.

பழைய வண்டியில் முதலில் போவது வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அது காய்ந்து வெடித்துவிடும். தொட்டி நிறைந்த பிறகுதான் அது தெரியவரும் என்பது இதிலுள்ள கொடுமை. அதனால் கிளம்புவதற்கு முன்பு இரண்டு தொட்டிகளிலும் சுத்தமான தண்ணீரை நிரப்பி ஒரு இரவு முழுக்க நிறுத்திவைத்தோம். காலையில் பெரியவருக்குக் கீழே தரையில் உள்ளங்கை அளவு ஈரம். பாலக்காட்டில் வந்த பிளம்பர் பையன் கழற்றிப் பார்த்து, "சேச்சி, இது செரிப்படாது" என்று தூக்கிப்போட்டுவிட்டான். அதே அளவில் வாஷர் கடையில் இல்லை. பழைய லாரி டியூபை வெட்டி, துளை போட்டு, பொருத்தினான். வால்வுத் தகட்டுக்கு நான் வண்டி கிரீஸை எடுத்துக் கொடுத்தபோது தடுத்துவிட்டான். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடுமாம். சிலிக்கான் கிரீஸ் ஒரு சின்ன டப்பா வாங்கிவந்து தடவினான். அவன் சொன்னது முற்றிலும் சரி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த கேள்வி, உள்ளே என்ன ஊற்றுவது. நம் வீடுகளில் நாற்றம் என்றால் கை பினாயில் பாட்டிலுக்குத்தான் போகும். அதுதான் செய்யக் கூடாதது. மலத்தைக் கரைத்து நீராக்குவது பாக்டீரியா. அதைக் கொன்றுவிட்டால் தொட்டியில் மிச்சம் இருப்பது வாசனை பூசிய மலம். அதைக் கொண்டுபோய் ஒரு வீட்டு செப்டிக் டாங்கில் விட்டால் அங்கே இருக்கிற பாக்டீரியாவும் பாதிக்கப்படும். முன்பெல்லாம் மேல்நாட்டு வண்டிகளில் ஊற்றிய நீல மருந்துகளில் பார்மால்டிஹைடு இருந்தது. இதே காரணத்துக்காகத்தான் பலர் அதைக் கைவிட்டார்கள். பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பிளீச் சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தாலும் நெஞ்சை அறுக்கும் வாயு. அலமாரி அளவு இருக்கும் அறையில் இந்த ரசாயனப் பரிசோதனைகள் வேண்டாம். கேரளத்தில் சமையலறைக் குப்பையை மக்கவைக்க வீட்டு வாளிகளில் தூவும் இனாகுலம் கிடைக்கிறது. தென்னை நார்க் கழிவில் நுண்ணுயிர் கலந்த பொடி. நண்பர் அதைத்தான் கரைத்து ஊற்றுவார். அடியில் ஐந்து லிட்டர் தண்ணீர், அதில் ஒரு கைப்பிடி. நானும் அப்படியே செய்தேன். நாற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தாங்கக்கூடியதாக இருந்தது.

உண்மையில் அதிகம் நாறியது சின்னவர்தான். இது யாரும் எதிர்பாராதது. சாம்பார் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் சோப்பு நுரையும் கலந்த தண்ணீர் பாலக்காட்டு வெயிலில் இரண்டு நாள் நின்றால் போதும். மூன்றாம் நாளிலிருந்து பாத்திரத்தை முதலில் பழைய துணியால் துடைத்துவிட்டு, பழைய வேட்டித் துண்டில் வடிகட்டித்தான் தண்ணீரை உள்ளே விட்டேன்.

கொட்ட இடமில்லாத கொள்கை

வண்டியில் வாழ்கிறவர்கள் நிறைய இருக்கும் நாடுகளில் முகாம் மைதானந்தோறும் இதற்கென்று ஒரு மேடை இருக்கும். வண்டியை நிறுத்தி, குழாயைச் செருகி, கழுவிவிட்டுப் போகலாம். நியூஸிலாந்து 2011-இல் கொண்டுவந்த சட்டத்தை 2023-இல் திருத்தி, கழிப்பறை நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட வண்டிக்குத்தான் தன்னிறைவு வண்டி என்ற சான்று என்று ஆக்கியது. மூன்று நாள் கழிவைத் தாங்கும் வசதியும் வேண்டும்.

கேரளமும் 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை ஒன்றை அறிவித்தது. தென்னையைக் குறிக்கும் கேரத்தையும் வேனையும் சேர்த்து 'கேரவன் கேரளா' என்று பெயர் வைத்தார்கள். முதலில் வாங்கும் நூறு கேரவன்களுக்கு ஏழரை லட்சம் ரூபாய் அல்லது முதலீட்டில் 15 சதவிகிதம் மானியம். ஐம்பது சென்ட் நிலமும் ஐந்து வண்டி நிறுத்த இடமும் இருந்தால் கேரவன் பூங்கா தொடங்கலாம். 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டத்தின் வாகமனில் முதல் பூங்கா திறக்கப்பட்டது. நல்ல யோசனைதான். ஆனால் வாகமன் இடுக்கியின் தென்மேற்கு மூலை. பாலக்காட்டிலிருந்து உடுமலை வழியாக மூணாறு ஏறுகிறவளுக்கு அது நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்று. தவிர இந்தத் திட்டம் கண்ணில் வைத்திருப்பது புது வண்டியை, டிரைவரோடு வாடகைக்கு எடுக்கும் குடும்பத்தை. 1999 மாடல் டெம்போ டிராவலரில் தனியாக வரும் பெண்ணை அல்ல.

மூணாறிலேயே இன்னொரு முயற்சி நடந்தது. 2020 நவம்பரில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் ஓடி ஓய்ந்த ஏ.சி. பஸ் ஒன்றில் பதினாறு படுக்கைகள் போட்டு, தலைக்கு நூறு ரூபாய் என்று டிப்போவில் நிறுத்தியது. கூட்டம் குவிந்தது. அங்கே கழிப்பறை வண்டிக்குள் இல்லை, டிப்போவில். யோசித்தால் அதுதான் புத்திசாலித்தனம். சக்கரத்தின் மேல் படுக்கையைச் சுமப்பது சுலபம்.

சக்கரத்தின் மேல் கழிப்பறையை நம் நாட்டில் அதிக காலம் சுமந்தது ரயில். அது சுமக்கவில்லை, தண்டவாளத்தில் உதிர்த்துக்கொண்டே போனது என்பதுதான் சரி. ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்தின் குவாலியர் ஆய்வகத்தார் உருவாக்கிய பாக்டீரியாவை வைத்துப் பெட்டிகளுக்கடியில் பயோ டாய்லெட் தொட்டிகளைப் பொருத்தத் தொடங்கி, அகலப் பாதைப் பெட்டிகளில் அந்த வேலை ஏறக்குறைய முடிந்தது இந்த நூற்றாண்டின் இரண்டாவது பத்தாண்டு முடியும் தறுவாயில். அதுவரை தண்டவாளத்தைச் சுத்தம் செய்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

முதல் இரவு கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோப்பு. கேரளம்தான், ஆனால் வீட்டுக்குள் தமிழ்தான். அவர் அனுமதியோடு சின்னவரைத் தென்னம்பாத்தியில் திறந்துவிட்டேன். பெரியவரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. மறுநாள் காலைதான் கோபாலபுரம் செக்போஸ்ட். அன்றிரவு உடுமலைப்பேட்டை பெட்ரோல் பங்க்.

மூன்றாம் நாள் ஒன்பதாறு செக்போஸ்டைக் கடந்து காட்டுக்குள் நுழைந்தேன். வழியில் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. யானைகளின் சாலை. சின்னாறு தாண்டினால் கேரளம், மறையூர் தாண்டினால் தேயிலை. மூணாறு போய்ச் சேரும்போது மாலை ஆகிவிட்டது. நல்ல குளிர். உள்ளே போய்க் கழிப்பறையின் மிதியை அழுத்தினேன்.

அடுத்து நடந்ததை இடக்கரடக்கிச் சொல்கிறேன். தொட்டி பதில் சொன்னது. 'புஸ்' என்ற சத்தத்தோடு, மேல்நோக்கி.

முகத்தையும் சுவரையும் கழுவி, சட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்து, அரைமணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் கணக்கு புரிந்தது. உடுமலைப்பேட்டை கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கும் குறைவான உயரம். மூணாறு ஆயிரத்தைந்நூறுக்கு மேல். இந்த ஏற்றத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைகிறது. மலையேறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். என் பாக்கெட்டில் சிப்ஸ் இல்லை. பாதி நிறைந்த தொட்டியின் மேற்பாதியில் இருந்த காற்று விரிந்து, போக வழியில்லாமல் காத்திருந்திருக்கிறது. வழி ஏன் இல்லை? மறுநாள் வெளிச்சத்தில் ஏணி வைத்துக் கூரையில் ஏறிப் பார்த்தேன். காற்றுக் குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. சும்மா நின்ற வருடங்களில் அது செய்த வேலை. கம்பியால் குத்தி எடுத்தேன். வாஷரையும் வால்வையும் பார்த்தவர்கள் நாங்கள் இருவரும் கூரையைப் பார்க்கவில்லை. ஊர் முழுக்க விசாரித்தாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மலைக்குப் போகும் வண்டியில் முதலில் சோதிக்க வேண்டியது அந்தக் குழாய்.

மூணாறில் இரண்டு நாள். நாவலில் ஒரு அத்தியாயம் நகர்ந்தது. பெரியவர் ஐம்பது லிட்டரை எட்டிக்கொண்டிருந்தார். அளவு காட்டும் விளக்கு எப்போதோ செத்துவிட்டது. டார்ச் அடித்து மேலிருந்து பார்ப்பதுதான் வழி. தீக்குச்சி, மெழுகுவர்த்தி கூடாது. உள்ளே மீத்தேன் இருக்கலாம்.

விசாரித்த இடங்களில் பதில் ஒரே மாதிரி இருந்தது. லாட்ஜ்காரர்கள் கைவிரித்தார்கள். தங்கள் செப்டிக் டாங்கே சீசனில் வழிகிறது என்றார்கள். ஒருவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "ராத்திரி பன்னண்டு மணிக்கு மேல ஆத்துப் பாலத்துல நிறுத்தி விட்டுட்டுப் போயிருங்க. லாரிக்காரங்களே அதான் செய்றாங்க. ஐம்பது லிட்டர்லாம் ஒரு கணக்கா?" என்றார்.

பொய் சொல்லவில்லை, அந்த யோசனை என்னைத் தொட்டது. இருட்டு, ஆள் கிடையாது, வால்வை இழுத்தால் இரண்டு நிமிடம். எந்த ஆறு என்று யோசித்துப் பார்க்காமல் இருந்திருந்தால் செய்திருப்பேனோ என்னவோ.

மறையூர்ப் பக்கம் ஓடுவது பாம்பாறு. கேரளத்தின் ஆறுகளில் கிழக்கு நோக்கிப் பாய்வது மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. பாம்பாறு தூவானம் அருவியாக விழுந்து, கூட்டாற்றில் சின்னாற்றோடு சேர்ந்து அமராவதி ஆகிறது. 1957-இல் கட்டிய அமராவதி அணையில் நின்று, திருப்பூர், கரூர் மாவட்ட வயல்களுக்கும் குடிநீர்க் குழாய்களுக்கும் போய், கரூருக்கு அப்பால் காவிரியில் விழுகிறது. மறையூர்ப் பாலத்தில் திறப்பது தாராபுரத்துச் செம்பில் வந்து சேரும். இந்தப் பக்கம் பாலக்காட்டில் கதை தலைகீழ். பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டு வழியாகச் சிற்றூருக்குப் போகிறது. பொள்ளாச்சிப் பக்கம் கொட்டுவது பாரதப்புழைக்குப் போகும். கேரளக் குப்பை தமிழ்நாட்டுக்கு வருகிறது என்று நாம் கத்துகிறோம். நியாயமான கோபம். ஆனால் லாரியில் வருவதைச் செக்போஸ்டில் நிறுத்தலாம். ஆறு செக்போஸ்டில் நிற்பதில்லை.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது 1974-இல். ஆற்றில் கழிவை விடுவது அன்றிலிருந்தே குற்றம். செப்டிக் டாங்க் லாரிகள் மட்டும் ஏன் இருட்டுக்குக் காத்திருக்கின்றன என்றால், லாரியை நிறுத்திக் காலி செய்யச் சுத்திகரிப்பு நிலையம் எட்டாத தூரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கருங்குழி, பெரியநாயக்கன்பாளையம் போன்ற இடங்களில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. கேரளத்தில் திருவனந்தபுரத்தின் முட்டத்தறையிலும் கொச்சியிலும் இருக்கின்றன. மூணாறு லாட்ஜ் ஒன்றின் டாங்கை உறிஞ்சிய லாரி கொச்சி வரை நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் மலை இறங்கிப் போகும் என்று நம்புவதற்கு நாம் ரொம்ப நல்லவர்களாக இருக்க வேண்டும்.

சேம்பர்

ஐந்தாம் நாள் மறையூருக்கு இறங்கினேன். சந்தனக் காடும் கரும்பும் உள்ள ஊர். இங்கே காய்ச்சும் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நண்பரின் நோட்டில் மறையூர் என்று மூன்று முறை எழுதியிருந்தது. பக்கத்திலேயே ஒரு வீட்டின் அடையாளம். தமிழ்க் குடும்பம். கரும்புத் தோட்டத்தை ஒட்டி இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். வீட்டு அம்மாவுக்கு வண்டியை நினைவிருந்தது.

"அந்த சார் நல்லாருக்காரா? அவரே குனிஞ்சு பண்ணுவாரு. நீங்க எதுக்கு அக்கா? ஆள் இருக்கு, ஒரு போன் போட்டா வந்துருவாரு."

வேண்டாம் என்றேன். அவர் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு போனைப் போட்டுவிட்டார்.

ஆள் என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1898-இல் டர்பனில் காந்தி வீட்டில் நடந்த சண்டை நினைவுக்கு வந்தது. வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தா ஒருவர் பஞ்சமர் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய மூத்திரப் பானையைக் கஸ்தூரிபா எடுக்க வேண்டும். அதையும் முகம் சுளிக்காமல் எடுக்க வேண்டும் என்று காந்தி பிடிவாதம் பிடித்து, கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப்போனதைத் தன் சுயசரிதையில் வெட்கத்தோடு எழுதியிருக்கிறார். காந்தியின் கொள்கை சரி. அதை மனைவியின் கையால் நிறைவேற்றிக்கொள்ளப் பார்த்தது? அந்தப் பானையை ஏன் அந்தக் குமாஸ்தாவே எடுக்கக் கூடாது என்ற கேள்வி எனக்கு மாணவப் பருவத்திலேயே இருந்தது.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1993-இல் ஒன்று, 2013-இல் அதைவிடக் கடுமையாக இன்னொன்று. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டாங்கிலோ இறக்குவது குற்றம். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. திருவனந்தபுரத்து இளைஞர்கள் 2018-இல் ஆள்துளைச் சாக்கடைக்குள் இறங்க ரோபோ செய்து காட்டினார்கள். நகரங்களுக்கு அது போகிறது. மறையூர் வீட்டுக் கொல்லைக்கு வருவது போன் போட்டால் வருகிற ஆள்தான்.

அவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வேகமாக ஆரம்பித்தேன். வண்டியின் வால்வுப் பக்கம் சரிவில் கீழே இருக்கும்படி நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். முழங்கை வரை ரப்பர் உறை, கண்ணாடி. ஓஸ் பைப்பை இழுத்துப் போட்டேன். கொல்லையில் செப்டிக் டாங்கின் சிமென்ட் மூடி தெரிந்தது. கடப்பாரையை எடுத்து அதன் விளிம்பில் செருகினேன்.

"அத தொறக்காதீங்க!"

சைக்கிளை ஸ்டாண்ட் போடக்கூட நேரமில்லாமல் சாய்த்துவிட்டு ஓடிவந்தார். அறுபது வயது இருக்கும். மூச்சு வாங்கியது. கடப்பாரையை என் கையிலிருந்து வாங்கித் தள்ளி வைத்தார்.

"மூடிய தொறந்தா அடிக்கிற காத்துல நின்னபடியே விழுந்துருவீங்கம்மா. அது எதுக்கு? இதோ சேம்பர் இருக்கு." வீட்டுக் கழிப்பறைக்கும் டாங்குக்கும் நடுவில், புல் மூடிக் கிடந்த ஒரு அடிச் சதுர மூடியைக் காட்டினார். அதைத் தூக்கிவிட்டு என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டி, இருவரும் கொஞ்ச நேரம் சும்மா நின்றோம்.

செப்டிக் டாங்கில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம். காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். இதில் வஞ்சகம் என்னவென்றால், அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று தலையை நீட்டுகிறவர் திரும்புவதில்லை. காப்பாற்ற இறங்குகிறவரும் திரும்புவதில்லை. ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் இறந்ததாகச் செய்தி வருவது இதனால்தான். இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன், மொழிபெயர்த்தும் இருக்கிறேன். கடப்பாரை இருந்தது என் கையில்தான்.

"ஆளு வேணும்னாங்க. நீங்களேவா செய்யறீங்க?"

"என்னோடதுதானே, ஐயா."

அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையோரம் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

தனியாகச் செய்கிறவருக்குச் சிக்கல், வால்வு ஓரிடத்தில், ஓஸின் மறுமுனை இன்னோரிடத்தில். இங்கே இழுத்தால் அங்கே முனை பாம்பு போலத் துள்ளி வெளியே விழும். பிடிக்க இன்னொரு கை இல்லை. சேம்பருக்குள் முனையை ஒரு முழம் இறக்கி, மேலே செங்கல் வைத்து, நனைத்த சாக்கைப் போட்டு அமுக்கினேன். நடுவில் எங்கும் மேடு தட்டாமல் ஓஸை நேராக்கினேன். வால்வுக்கு அடியில் ஒரு வாளி. அதற்கும் முன்னால் தண்ணீர்க் குழாயைத் திறந்து இன்னொரு வாளியில் ஓடவிட்டேன். உறை அழுக்கான பிறகு குழாயைத் திறக்கத் தொட வேண்டும். தொட்டால் அதையும் கழுவ வேண்டும். மூக்கு அரித்தாலும் சொறிந்துவிட ஆள் கிடையாது. அரித்தது.

முதலில் கால் பங்கு மட்டும் இழுத்துவிட்டு, ஓடிப்போய் மறுமுனையைப் பார்த்தேன். நிற்கிறது. திரும்பி வந்து முழுக்க இழுத்தேன். தொட்டி கனத்த பெருமூச்சு விட்டு இறங்கியது. ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து நாளாக மனதில் இருந்த பாரத்துக்கு அது மிகச் சிறிய நேரம். மேலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி மறுபடி இறக்கினேன். பெரியவரை மூடிய பிறகுதான் சின்னவரைத் திறக்க வேண்டும்; அந்தச் சோப்புத் தண்ணீர் ஓஸைக் கழுவிவிடும். வரிசை மாறினால் கழுவ வேண்டியது இரண்டு மடங்கு. கடைசியில் ஓஸை வண்டிப் பக்கத்திலிருந்து தோளுயரம் தூக்கிக்கொண்டே நடந்து மிச்சத்தை வடித்தேன். பெரியவருக்குள் ஐந்து லிட்டர் நல்ல தண்ணீரும் ஒரு கைப்பிடிப் பொடியும்.

எல்லாம் முடிந்து கை கழுவி வந்தபோது அவர் இன்னும் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் உறைத்தது. நான் இதைச் சமத்துவம் என்று செய்து முடித்திருக்கிறேன். அவர் ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து ஒரு வேலைக்கு வந்தவர். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கொள்கைக்கு என் கையில் உறை இருந்தது. அவர் வீட்டு ராத்திரிச் சமையலுக்கு?

ஐந்நூறு ரூபாய் நீட்டினேன். முந்நூறை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். "வந்ததுக்கு" என்றார். கொஞ்சம் யோசித்து, "மூடிய தொறக்க வேணாம்னு சொன்னதுக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

எத்தனை வருடமாக இந்த வேலை என்று கேட்டேன். வெல்ல ஆலையில்தான் வேலை, இது கூப்பிட்டால் மட்டும் என்றார். பிள்ளைகள்? மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி. "அவனுக்கு இது தெரியாது. தெரிய வேணாம்." சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு, ஓஸைச் சுருட்டி உள்ளே வைக்காமல் ஒருநாள் வெயிலில் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டு அம்மா டீ கொண்டுவந்து, டம்ளரை என் கையில் தராமல் திண்ணையில் வைத்தார். இன்னும் ஈரம் காயாததால் இருக்கலாம். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இரவு நோட்டைத் திறந்தேன். நண்பரின் கையெழுத்தில் கடைசி வரி ஏழு வருடத்துக்கு முந்தையது. அதற்குக் கீழே எழுதினேன்: மறையூர். பெரியவர் 50. சின்னவர் 40. வால்வில் சொட்டு இல்லை. கூரைக் குழாயில் குளவிக்கூடு, எடுத்தாயிற்று. வலை கட்ட வேண்டும். சேம்பர் கொல்லையில் கொய்யா மரத்துக்கு இடப்பக்கம், புல்லுக்கடியில்.